கேப்டன் சட்டையில் ஜிப் எங்கே?

அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றான். கல்லூரி நண்பர்களோடு, காமிக்ஸ், சினிமா ரசிகர்கள் கூடும் பெங்களூரு காமிக் கானுக்குப் போகிறானாம், வேஷம் கட்ட வேண்டுமாம். "சித்தி, எனக்கு இந்தச் சட்டை வேணும். அச்சு அசலா இதே மாதிரி." திரையில் 1966-இல் வந்த முதல் ஸ்டார் ட்ரெக் தொடர், விண்வெளிக் கப்பல் ஒன்றின் கதை. அதன் கேப்டன் கர்க் தன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மஞ்சள் சட்டை, கறுப்புக் கழுத்து, மணிக்கட்டில் தங்கக் கலர் ஜரிகை, நெஞ்சில் ஒரு பேட்ச். பட்டன் இல்லை, காஜா இல்லை, பாக்கெட் இல்லை. அரை நாள் வேலை என்று நினைத்து, "துணி வாங்கிக் குடு, தைச்சுத் தரேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் ஆனது. அதைவிட மோசம், அதற்கப்புறம் எந்த விண்வெளிப் படம் போட்டாலும் எனக்குக் கதை மண்டையில் ஏறுவதில்லை. யாராவது கையைத் தூக்கினால் கண் நேராக அக்குளுக்குப் போகிறது. உலகமே அழியப்போகிறது என்று ஒருவர் கதறிக்கொண்டிருப்பார், நான் அவருடைய தோள் மூட்டில் துணி இழுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் சிக்கல், இந்தச் சட்டையை எப்படிப் போடுவது என்பதுதான். தைக்கிறவர்கள் எந்த உடுப்பைப் பார்த்தாலும் முதலில் கேட்கும் கேள்வி, இது எங்கே திறக்கிறது? கழுத்தோ ஒட்டியிருக்கிறது, தலை நுழையாது. முன்னால் திறப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் திரும்பி நிற்கும் இடமாகத் தேடிப் பிடித்து நிறுத்திப் பார்த்தேன், முதுகிலும் ஒரு கோடு இல்லை. நாற்பது ஐம்பது முறை நிறுத்தி நிறுத்தி ஓட்டியபிறகு, லிஃப்டுக்குள் கைப்பிடியைப் பிடிக்க அவர் கையை நீட்டும் ஒரு இடத்தில் பிடிபட்டது. கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக ஓடும் ராக்லன் தையல் முன்பக்கம் இரண்டு இருக்கிறது அல்லவா, அதில் ஒன்றுக்குள்தான் ஜிப்பை ஒளித்து வைத்திருக்கிறார்கள். துணி வெலூர், நம் வெல்வெட்டுக்குத் தங்கச்சி மாதிரி. அந்த மெல்லிய முடியே தையலை மூடிவிடும். வடிவமைத்தவர் வில்லியம் வேர் தைஸ். எதிர்கால மனிதன் உடுப்பை எப்படி மாட்டிக்கொள்கிறான் என்று பார்க்கிறவருக்குத் தெரியக் கூடாது என்று நினைத்திருக்கிறார் போல. எனக்கு மனுஷன் மேல் மரியாதை வந்தது அங்கேதான்.

அடுத்தது கலர். "மஞ்சள் வெல்வெட் வாங்கிட்டு வா" என்று சொன்னதற்கு, "மஞ்சள் இல்ல சித்தி, கோல்டு" என்றான். சரி, கோல்டு. அன்று ராத்திரி நானே படிக்க உட்கார்ந்தேன். அந்தச் சட்டை மஞ்சளும் இல்லை, கோல்டும் இல்லை, பச்சை! ஜவுளிக் கடையில் மெஹந்தி க்ரீன் என்று எடுத்துப் போடுவார்களே, ஏறக்குறைய அந்தக் குடும்பத்துப் பச்சை. ஸ்டூடியோ விளக்கும் ஃபிலிமும் வெலூரும் சேர்ந்து அதைத் திரையில் பொன்னிறமாக்கிவிட்டன. அதே கேப்டன் சில கதைகளில் முன்னால் மடித்துக் கட்டும் வேறொரு சட்டை போட்டு வருவார், விழாக்களுக்கு ஒரு பளபளப்பான சட்டையும் உண்டு. எல்லாம் ஒரே கலராக இருக்க வேண்டும் என்றுதான் செய்தார்கள். ஆனால் அவற்றின் துணி வேறு, அதனால் அவை திரையில் உள்ளபடியே பச்சையாகத் தெரிந்துவிட்டன. ஒரே பதவி, ஒரே ஆள், பீரோவில் மஞ்சளும் பச்சையும். அரை நூற்றாண்டாக ரசிகர்கள் இதற்குக் கதைக்குள்ளேயே காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் பையனிடம் சொன்னபோது அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அப்போ நான் எந்தக் கலர்ல போறது?"

அதுதான் என் கேள்வியும். அச்சு அசல் என்றால் எதனுடைய அச்சு? துணிக்கடையில் கிழித்துக் கொடுத்த கலரா, டிவியில் தெரிந்த கலரா?

கடைசியில் டிவியில் தெரிந்ததே போதும் என்று மாம்பழ மஞ்சளில் இரண்டரை மீட்டர் வெல்வெட் எடுத்தோம். அங்கே நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வெல்வெட்டில் முடி ஒரு பக்கமாகப் படுத்திருக்கும். மேலிருந்து கீழே தடவினால் வழவழவென்று இருக்கும், கீழிருந்து மேலே தடவினால் கை தடுக்கும். அதனால் எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வைத்துத்தான் வெட்ட வேண்டும். இருபது வருஷமாகத் தைக்கிறவளுக்கு இது தெரியாதா, தெரியும். ஆனாலும் துணி மிச்சம் பிடிக்கிற புத்தி போகாதே. முன்பக்கத்தையும் ஒரு கையையும் தலைகீழாகத் திருப்பி வைத்து நெருக்கி வெட்டிவிட்டேன். தைத்து முடித்து ஹேங்கரில் மாட்டி ட்யூப்லைட் போட்டால், இடது கை மஞ்சள், வலது கை மண் நிறம். ஒரே துணி, ஒரே கட்டு! தைஸுடைய சட்டைகளை விளக்கு ஏமாற்றியது போல என் சட்டையை என் கஞ்சத்தனம் ஏமாற்றியது. கையைப் பிரித்து, மறுபடி ஒரு மீட்டர் வாங்கி, அந்தக் கதை வேண்டாம்.

வெலூருக்கு இன்னொரு வியாதி உண்டு. அது சுருங்கும். அந்தக் காலத்துப் படப்பிடிப்பில் சட்டைகளை அடிக்கடி டிரை கிளீனிங்குக்குப் போட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு சலவைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டை ஏறிக்கொண்டே போயிருக்கிறது. முதல் இரண்டு சீசன்களில் சில இடங்களில் சட்டையின் கீழ் விளிம்பு இடுப்புக்கு மேலே நிற்கும். நடிகர்கள் இழுத்து விட்டுக்கொள்வதும் கண்ணில் படும். அதனால்தான் 1968-இல் மூன்றாவது சீசனுக்கு வெலூரையே விட்டுவிட்டு, சுருங்காத டபுள் நிட் துணிக்குப் போய்விட்டார்கள். இப்போது நீங்கள் இரண்டாவது சீசன் கடைசிக் கதையையும் மூன்றாவது சீசன் கதை ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். அதே கப்பல், அதே பயணம், ஆனால் எல்லோருடைய சட்டையும் ஒரே ராத்திரியில் முடி உதிர்ந்து மொழுமொழுவென்று ஆகியிருக்கும். கதைக்குள் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

கை ஜரிகைக்கு மட்டும் ஒரு தெளிவான கணக்கு இருக்கிறது. கேப்டனுக்கு இரண்டு முழுக்கோடு, நடுவில் ஒரு விட்டுவிட்டுப் போகும் கோடு. அவருக்கு அடுத்த அதிகாரி ஸ்பாக்குக்கு இரண்டு முழுக்கோடு. நெளிநெளியான தங்க ஜரிகை. இதைத் தைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், வெல்வெட் மேல் ஜரிகை வைத்து மிஷினில் ஓட்டினால் மேல்துணி ஒரு பக்கம் நகரும், ஜரிகை ஒரு பக்கம் நகரும். மணிக்கட்டைச் சுற்றி வந்து சேரும்போது இரண்டு முனையும் சந்திக்காது. நான் மூன்றாவது தடவை பிரித்தபிறகு கையாலேயே தைத்தேன். அந்த விட்டுவிட்டுப் போகும் கோட்டை, சத்தியமாகச் சொல்கிறேன், தைக்கிறவர்கள் மேல் ஏதோ பகை உள்ளவர்தான் யோசித்திருக்க வேண்டும்.

அப்படிச் சலித்துக்கொண்டே, அந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் தைத்தார்கள் என்று தேடினேன். அந்தத் தொடரின் தயாரிப்பில் இருந்தவர்கள் பின்னாளில் எழுதிய நினைவுகளில் ஒரு செய்தி வருகிறது. காசும் கிடையாது, நேரமும் கிடையாது. ஆகவே தைஸ் ஸ்டூடியோவுக்கு எதிரே ஓர் அறையை ரகசியமாக வாடகைக்கு எடுத்து, தொழிற்சங்கத்தில் இல்லாத தையல்காரப் பெண்களை ராத்திரி ராத்திரியாக உட்கார வைத்துத் தைத்து வாங்கியிருக்கிறார். விடியும் முன்னால் உடுப்புகள் ஜன்னல் வழியாகக் கைமாறிப் போகுமாம். தீபாவளிக்கு முந்தின ராத்திரி எந்தத் தையல் கடையில் உட்கார்ந்தவர்களுக்கும் இது புரியும். காலை ஏழு மணிக்கு நடிகை வந்து நிற்பாள், இவர்கள் விடிகாலை நாலு மணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். அதற்கப்புறம் ஒரு கோணல் தையலைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவது நின்றுவிட்டது.

அன்றைக்கு யார் இதையெல்லாம் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியமும் இருந்திருக்கும். 1966-இல் வீட்டு டிவி சின்னது, படம் மங்கல், நிறுத்திப் பார்க்க வழியில்லை. ஆனால் தொடரை எடுத்தது நல்ல 35 மி.மீ. ஃபிலிமில். 2006-இல் அதையெல்லாம் மறுபடி துடைத்துத் துல்லியமாக்கி வெளியிட்டார்கள். நாற்பது வருடம் மறைந்திருந்த நூல் பிசிறு வரைக்கும் இப்போது என்னைப் போன்ற ஒருத்தியின் லேப்டாப்பில் வந்து நிற்கிறது.

பேட்ச் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நெஞ்சில் இருக்கும் அந்த அம்புமுனை வடிவப் பேட்ச் கர்க்கின் எண்டர்பிரைஸ் கப்பலுக்கு மட்டும் உரியது, ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பேட்ச் உண்டு என்று ரசிகர்கள் பல பத்து வருடங்களாக நம்பினார்கள். காரணம், அந்தத் தொடரிலேயே வேறு கப்பலின் கேப்டன் ஒருவர் நீள்சதுரமாக ஒரு பேட்ச் போட்டு வருவார். இன்னொரு கப்பல் அதிகாரிக்குச் சுருள் மாதிரி ஒன்று இருக்கும். புத்தகங்கள், வரைபடங்கள், பொம்மைகள் என்று எல்லாமே இந்தக் கணக்கில்தான் வந்தன. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பழைய அலுவலகக் குறிப்பு வெளியே வந்தது. 1967 டிசம்பரில் இணைத் தயாரிப்பாளர் ராபர்ட் ஜஸ்ட்மேன் தைஸுக்கு எழுதியது. அன்று எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்த்தபோது வேறு கப்பல் கேப்டன் வேறு பேட்ச் போட்டிருப்பதைப் பார்த்தாராம், அது தவறு, எல்லா நட்சத்திரக் கப்பல்களுக்கும் ஒரே பேட்ச்தான் என்று எழுதியிருக்கிறார். அதாவது யாரோ தவறாகத் தைத்துக் கொடுத்த ஒரு கைக்குட்டைத் துண்டு அளவுத் துணி, ஐம்பது வருடத்துக்கு ஒரு முழு விண்வெளிப் படையின் சட்டதிட்டமாக இருந்துவிட்டது. பையனுக்கு இதைப் படித்துக் காட்டினேன். "அப்போ எனக்கு அந்த நீள்சதுரப் பேட்ச் வச்சுக் குடுங்க சித்தி, யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க" என்றான். இவன் என்ன ரகம் என்றே தெரியவில்லை.

சட்டை முடிந்தபிறகும் பழக்கம் போகவில்லை. 1987-இல் ஆரம்பித்த அடுத்த தொடரான 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' பார்க்க ஆரம்பித்தேன். முதல் இரண்டு சீசன் உடையும் தைஸ் வடிவமைத்ததுதான். ஸ்பாண்டெக்ஸில், அதாவது இழுத்தால் நீளும் துணியில், கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பு. எதிர்காலத்தில் துணி சுருங்கிக் கசங்கி நிற்காது என்று காட்ட, அளவைவிட ஒரு சைஸ் சின்னதாகத் தைத்து உடம்பில் இழுத்து மாட்டிவிட்டார்கள். தோளுக்கும் காலுக்கும் நடுவில் நாள் முழுக்க இழுபட்டு நடிகர்களுக்கு முதுகு வலியே வந்துவிட்டது. பாக்கெட்டும் கிடையாது, 24-ஆம் நூற்றாண்டுக்காரனுக்கு வைத்துக்கொள்ள எதுவும் இருக்காதாம். கைக்குட்டை கூடவா? பெண்களின் உடுப்பில் பாக்கெட் வைக்காததற்கு இந்த மாதிரி சாக்குகளை நான் வாழ்நாள் முழுவதும் கேட்டாயிற்று, விண்வெளியிலுமா?

1989-இல் மூன்றாவது சீசனுக்கு ராபர்ட் பிளாக்மேன் வந்தார். (இந்த வரலாற்றில் ராபர்ட்கள் அதிகம், இன்னும் ஒருவர் பாக்கி.) கம்பளி கேபர்டீனில் காலர் வைத்து, ஆண்களுக்கு மேலே தனி, கீழே தனி என்று இரண்டாகப் பிரித்துத் தைத்தார். அந்தத் தொடரின் கேப்டன் பிக்கார்ட் உட்காரும்போதும் எழுந்திருக்கும்போதும் ஜாக்கெட்டைக் கீழே வெடுக்கென்று இழுத்து விடுவாரே, அது இரண்டாகப் பிரித்ததன் விளைவு. ஜாக்கெட் இடுப்பிலிருந்து ஏறுகிறது, இழுக்கிறார், அவ்வளவுதான். ரசிகர்கள் அதற்குப் போர்த் தந்திரம் மாதிரி 'பிக்கார்ட் மனூவர்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் புதுத் துணி முன்வரிசைக்குத்தான். நடைபாதையில் குறுக்கே போகிறவர்கள், பின்னால் பொத்தான் அமுக்குகிறவர்கள் எல்லாம் அப்புறமும் வெகுநாள் பழைய ஸ்பாண்டெக்ஸில்தான் நடமாடினார்கள். கண்டுபிடிப்பது சுலபம். பழையதில் தோளில் கறுப்பும் கலரும் சேரும் இடத்தில் மெல்லியதாக ஒரு பைப்பிங் ஓடும், புதுசில் அது கிடையாது. துணி மின்னுவதும் வேறு மாதிரி இருக்கும். பிக்கார்ட் மூக்குக்கு நேராகத் தைத்த கம்பளியில் நின்று பேசுவார், அவருக்குப் பின்னால் ஒரு பையன் முட்டி தொங்கிப்போன பழைய உடுப்பில் நடந்து போவான். இதை மட்டும் எனக்கு மன்னிக்க மனம் வரவில்லை. சலவையில் சுருங்கியது விதி. பின்வரிசைக்காரனுக்குப் பழசு போதும் என்பது ஒருவர் எடுத்த முடிவு.

முன்வரிசைக்கும் அடி விழுந்த படம் ஒன்று உண்டு, அதே ஆட்கள் நடித்து 1994-இல் வந்த ஸ்டார் ட்ரெக் ஜெனரேஷன்ஸ். அந்தப் படத்துக்கென்று புதுச் சீருடை வடிவமைத்தார்கள், கடைசி நேரத்தில் வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள். மாற்றுக்குத் தைக்க நேரமில்லை. பக்கத்தில் டீப் ஸ்பேஸ் நைன் என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடர் ஓடிக்கொண்டிருந்தது, அதன் நடிகர்களுடைய உடுப்பை இரவல் வாங்கினார்கள். ரைக்கராக நடித்த ஜோனதன் ஃப்ரேக்ஸுக்கு ஏவரி புரூக்ஸின் உடை, ஜியார்டியாக நடித்த லெவார் பர்ட்டனுக்குக் காம் மீனியின் உடை. ஃப்ரேக்ஸுக்குக் கை பற்றவில்லை, படத்தில் அவர் கையை முழங்கை வரை சுருட்டி விட்டிருப்பதைப் பார்க்கலாம். ஏதோ மும்முரமாக வேலை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பர்ட்டனுக்கோ தொளதொள. இதில் ஒரே ஆள் ஒரு காட்சியில் பழைய சீருடை, அடுத்த காட்சியில் இரவல் சீருடை என்று மாறி மாறி வருவார். தூக்கிப் போட்ட அந்தப் புதுச் சீருடைக்கு என்ன ஆனது தெரியுமா? பொம்மை கம்பெனி அதைப் பார்த்து முன்கூட்டியே பொம்மைகளைச் செய்து முடித்துவிட்டது. ஆக, படத்தில் யாருமே போடாத உடுப்பை அந்தப் படத்தின் பொம்மைகள் மட்டும் போட்டிருக்கின்றன.

பாக்கி இருந்த ராபர்ட், ராபர்ட் பிளெட்சர். 1979-இல் முதல் ஸ்டார் ட்ரெக் சினிமாவுக்கு இவர் கொடுத்தது சாம்பலும் வெளிர் நிறங்களுமாக, காலோடு ஷூவையும் சேர்த்தே தைத்த உடுப்பு. யாருக்கும் பிடிக்கவில்லை. 1982-இல் இரண்டாவது படத்துக்கு இயக்குநர் நிக்கோலஸ் மேயர் கடற்படை மிடுக்கு வேண்டும் என்றார். பிளெட்சர் கையில் இருந்த பழைய உடுப்புகளுக்குச் சாயம் போட்டுப் பார்த்தார். அந்தத் துணி நன்றாக ஏற்றுக்கொண்ட சாயங்களில் ஒன்று அடர் சிவப்பு. அதிலிருந்து பிறந்ததுதான் எல்லோரும் கொண்டாடும் அந்த மெரூன் சீருடை. அதற்குள்ளே போடும் உயரக் கழுத்து பனியனில்தான் தையல் வித்தையே இருக்கிறது. இரண்டு துணியை வைத்து நெருக்கமாகக் கோடு கோடாகத் தைத்து, ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் நூல் திணித்துப் புடைக்க வைக்கும் டிராபுன்டோ வேலை. ஒரு கழுத்துக்கு இத்தனை பாடா என்று பார்த்தவுடனே மூச்சு வாங்கும். 1990-இல் அதே மெரூனை டிவி தொடரில் ஒரு பழைய காலக் கப்பலுக்கு மறுபடி எடுத்தபோது அந்தக் கழுத்தைக் காணோம். உள்பனியனே இல்லாமல், வெறும் வட்டக் கழுத்து ஜாக்கெட். சீருடை விதி இடையில் மாறிவிட்டது என்பது ரசிகர்கள் கட்சி. எனக்கென்னவோ, இத்தனை கழுத்துக்கு யார் நூல் திணிப்பது என்று தையல் அறையில் ஒருவர் கேட்டிருப்பார் என்றே தோன்றுகிறது.

அக்கறையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லாவிட்டால் பாவம். 1977 ஸ்டார் வார்ஸில் வில்லன் டார்த் வேடரின் நீள அங்கி தோள் கவசத்துக்கு மேலே வந்து மார்பில் தொங்கும். 1980 படத்தில் அது கவசத்துக்கு அடியில் போய்விட்டது. 2016-இல் வந்த ரோக் ஒன், 1977 கதைக்குச் சற்று முன்னால் நடப்பது. அதில் ஞாபகமாக அங்கியை மறுபடி மேலே எடுத்துப் போட்டிருந்தார்கள். நான் சோபாவில் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

2009 ஸ்டார் ட்ரெக் படத்துச் சட்டையில் துணி முழுக்க அந்த அம்புமுனைச் சின்னத்தைப் பொடிப்பொடியாக இட்டிருக்கிறார்கள். கிட்ட வந்தால்தான் தெரியும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் எனக்கு வேலையில்லை. வீட்டு மிஷினில் அதை நெருங்கவும் முடியாது, தப்பு கண்டுபிடிக்கவும் முடியாது.

பையன் போய்விட்டு வந்தான். போட்டோக்கள் அனுப்பியிருந்தான். அரங்கத்து வெளிச்சத்தில் சட்டை நல்ல மஞ்சளாக இருக்கிறது, வெளியே வாசலில் வெயிலில் எடுத்ததில் கொஞ்சம் பச்சையடிக்கிறது. நான் ஒன்றும் செய்யவில்லை, துணியே அப்படி. பேட்ச் ஒழுங்காக அம்புமுனைதான், நீள்சதுரத்துக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஜிப் எங்கே என்று இரண்டு பேர் கேட்டார்களாம், இவன் சொல்லவில்லையாம்.

அடுத்த வருஷத்துக்கு அந்த மெரூன் ஜாக்கெட் வேண்டுமாம். தைத்துத் தருகிறேன், ஆனால் 1990-இல் வந்த, கழுத்து இல்லாத மாடல்தான் என்று சொல்லிவிட்டேன். அவன் இன்னும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறான்.